வலையில் இருந்த ஓட்டை

பிள்ளைகளே, உதைபந்து அரையிறுதியில் இரணைமடு அணியை நம்மவர்கள் ஒரு கோலால் வென்ற மகிழ்ச்சியில், நம் வாசல் படலையில் கரியால் "முல்லைத்தீவு வென்றது" என்று எழுதினீர்கள். மறுநாள் பரந்தன் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு மீனவர்களின் கதையைக் கேளுங்கள். இளையவரின் மடியில் ஒரு வலை இருந்தது.

"நேற்று நாங்கள் வெல்லேல்லை, அண்ணை."

"உமக்கென்ன விசரே? தொண்டை கட்டக் கத்தினது நீர்தானே!"

"ஓம். கோல் கம்பத்தில கட்டினது என்ர வலை. கட்டேக்க நல்லா இருந்தது. கழட்டேக்க பாத்தால், இஞ்ச பாருங்கோ, பந்து போற ஓட்டை. கடைசியில அவங்கள் அடிச்ச பந்து உள்ளுக்கு வந்து இதுக்காலதான் போயிருக்கு. கம்பத்துக்கு வெளியால போனதெண்டு நடுவர் நினைச்சிட்டார். சரியாப் பாத்தால் ஆட்டம் சமன்."

"ஓட்டையைப் பொத்திப்போட்டுச் சும்மா இரும். ஊருக்குள்ள தலைகாட்டேலாமல் வரும்."

"பொத்தமாட்டன். நடுவரிட்டக் காட்டப்போறன். திரும்ப விளையாடி வெல்லட்டும், அப்ப இதைவிடக் கத்துவன்."

மூத்தவர் வலையின் ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"தனியப் போகாதையும். நானும் வாறன்."

அன்று பின்னேரம், நீங்கள் வீடு திரும்புமுன், ஈரத்துணியால் படலையில் "வென்றது" என்பதை மட்டும் துடைத்தேன். "முல்லைத்தீவு" என்பதை அப்படியே விட்டேன்.