நான்கு மீன்களுக்கு மூட்டைக் கரி

அவர் குடியை விட்டுவிட்டு மீன் வளர்க்கத் தொடங்கிவிட்டார் என்றே அந்தக் குடும்பம் நம்பியிருந்தது. இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு மாலை, ஸ்டோவ்னர் என்ற புறநகருக்குச் செல்லும் ரயிலில் எனக்கு முன்னிருக்கையில் அவருடைய மனைவியும் தங்கையும் இருந்தார்கள். அவர் இறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன.

“நாலு மீனுக்கு மூட்டை மூட்டையாக் கரி வாங்கேக்கை நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ, மச்சாள்?” என்றாள் தங்கை.

“கேட்டனான். தொட்டித் தண்ணி தெளியிறதுக்கு எண்டவர். நிலவறையிலை தான் காய்ச்சின சாராயத்தை அந்தக் கரிக்குள்ளாலை வடிச்சிருக்கிறார். கரி மணத்தை எல்லாம் எடுத்துப்போடும் எண்டு எனக்கென்ன தெரியும்?”

“அந்த மூளையைப் படிப்பிலை காட்டியிருந்தா அண்ணா எங்கையோ போயிருப்பார்.”

இருவரும் சிரித்தார்கள். மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றது.

“ஒவ்வொரு நாளும் வாயை மணந்து பாத்துத்தான் உள்ளை விட்டனான். ஈரல் பழுதெண்டு கண்ட டொக்டர், ‘குடிக்கிறவரோ?’ எண்டு அவரைத்தான் கேட்டவர். நான் முந்திக்கொண்டு, தொடவே மாட்டார் எண்டு சத்தியம் பண்ணினனான். அவர் தலையைக் குனிஞ்சவர்.”

“நீங்கள் தெரிஞ்சு பொய் சொல்லேல்லையே.”

“ஓம். ஆனா நான் முந்தியிராட்டி, அண்டைக்கு அவர் சொல்லியிருப்பார்.”

தங்கை அவளுடைய கையைப் பற்றிக்கொண்டாள். தன் நிலையம் வந்ததும் எழுந்து கேட்டாள்:

“உங்களோடை இருக்கிற அப்பாவைக் கொஞ்சநாள் நான் வைச்சிருக்கட்டோ?”

“வேண்டாம். அந்த வீட்டிலை இனி மாமாவும் நானும்தான்.”