காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு ஒரு ஜோடி ஷூ

போன் அடித்தபோது வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். மணவாளன் தறிக்குழியில் கால் இறக்கி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பூவம்மாள் ராட்டினத்தின் பக்கத்தில் தரையில். கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் மூத்த மகள் வரலட்சுமி அப்போதுதான் வேலை முடிந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். இளையவள் மோகனப்ரியா காஞ்சிபுரத்தில், தோழி வீட்டில். விடிந்தால் போலீஸ் வேலைக்கான ஓட்டம். வயது வரம்பில் இதுதான் கடைசி வாய்ப்பு. போலீஸ் வேலை வேண்டாம் என்று சொல்லியும் அவள் புறப்பட்டதிலிருந்து மணவாளன் அவள் பேரை எடுக்கவில்லை. போனை வரலட்சுமிதான் எடுத்தாள்.

"ஹலோ... ஆங், சொல்லு பிரியா... ஏன்டீ, அழுதுகினு பேசினா எனக்கு இன்னா புரியும்?... ஆங்... ஆங்... கொப்புளமா? எங்க?... குதிகால்லயா... எலுமிச்சம்பழம் சைஸா? பெருசாக்காம சொல்லு... ஐயோ."

"புது ஷூவ மாட்டிகினு நேரா மைதானத்துல எறங்கினியா? சாக்ஸும் இல்லாம?... நான்தான் வாங்கிக் குடுத்தேன், யார் இல்லன்னது? வீட்டுல போட்டு நடந்து பழக்கிட்டுப் போன்னதும் நான்தான்... சரி, சரி. அத ஒடைக்காம விட்டிருக்க இல்ல?... ஒடைச்சிட்டியா! எதால?... ஊசில நூல் கோத்தா?"

தறிச் சத்தம் நின்றது.

தறியின் மிதிகட்டை உரசிக் காலில் கொப்புளம் போட்டால் ஊசியில் நூல் கோத்து, ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் இழுத்து, நூலை உள்ளேயே விட்டுவிடுவது அந்த வீட்டு வைத்தியம். நீர் நூல் வழியாக வடிந்துவிடுமாம். பெண்கள் இருவருக்கும் அதைக் கற்றுக்கொடுத்தவர் மணவாளன்.

"எந்த நூலுடீ?... பை குஞ்சத்துலேர்ந்து உருவினதா? செவப்பா?... அடிப்பாவி, சாய நூலாச்சே!... கத்தல. கத்தல, கேளு. மொதல்ல கைய சோப்பு போட்டுக் கழுவு. அப்புறம் நூல மெதுவா உருவு... நான் லைன்லயே இருக்கேன்... வந்துச்சா?... செவப்பா வடியுதா? ரத்தமா, சாயமா? சோப்புத் தண்ணி ஊத்திப் பாரு... நின்னுடுச்சா? அப்பாடா, சாயம்தான்... ஏய், மேல்தோல பிச்சிடாத! அதான் இப்ப உனக்கு மூடி... சுத்தி செவந்து சூடா இருக்குதா? சீழ்?... இல்லதான? ராத்திரி ஜுரம் வந்தாலோ, செவப்பு பரவினாலோ ஓட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நேரா ஆஸ்பத்திரி... செத்தாலும் ஓடுவியா? வந்து அறைஞ்சிடுவேன். ஆங்னு சொல்லு... ஆங்."

"மருந்துக்கடைல களிம்பு, ஒட்டாத கட்டுத்துணி வாங்கு. கட்டு மேல ஸ்பாஞ்ச வட்டமா வெட்டி, நடுவுல ஓட்ட போட்டு வெய்யி, மெதுவட மாதிரி. ஷூ வட மேல ஒரசட்டும், கொப்புளம் ஓட்டைக்குள்ள பத்திரமா இருக்கும்... சிரிக்கிறியா? சிரி, சிரி... புது ஷூவத் தொடாத. பழசு இங்கதான் கட்டிலுக்கு அடியில கெடக்குது... கட்டைவிரல் தெரிஞ்சா இன்னா? விரலப் பாத்தா வேல குடுக்கறாங்க?... எப்டியா? ஆறு மணி காஞ்சிபுரம் பஸ்ல கண்டக்டர் கிட்ட குடுத்தா... ஐயோ, மணி இப்பவே ஆகப்போவுது. வண்டி சாவி நைனா கிட்ட இருக்குது..."

அவள் குரல் தணிந்தது.

"ஆங், இருக்கார்... தறில... கேட்டுகினுதான் இருக்கார். பேச மாட்டார்டீ, கேக்காத."

மணவாளன் குழியிலிருந்து எழுந்தார். "எந்தக் கால்?" என்றார்.

"எந்தக் காலுன்னு கேக்கறார்... எடதா? நைனா, எடது!"

கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூவை இழுத்தார். இடது ஷூவுக்குள் கைவிட்டுக் குதிகால் பக்கம் கட்டைவிரலால் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. தறிக்கட்டையை எடுத்து அந்தத் தையல் மேட்டைத் தட்டித் தட்டி மழுக்கினார்.

"ஒண்ணுமில்லடீ, ஷூவப் போட்டு அடிச்சிகினு இருக்கார்... உன் மேல கோவத்துல இல்ல, லூசு... அம்மா, என் பீரோல சாக்ஸ் ரெண்டு ஜோடி எடு... ஆங், உள்ள வெச்சாச்சு. காகிதம் சுத்தறார். நூல் கட்டறார். பயப்படாத, வெள்ள நூலுதான்... நைனா, மேல பேர் எழுதிடு, கண்டக்டர் கேப்பார்."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, முட்டியில் பொட்டலத்தை வைத்து எழுதி, வரலட்சுமியிடம் ஒரு முறை காட்டிவிட்டு மணவாளன் வாசலுக்குப் போய்விட்டார்.

"ஏய் பிரியா... இன்னா எழுதியிருக்கார் தெரியுமா?... இரு, சொல்றேன்... 'மோகனப்ரியா, போலீஸ்'... ஹலோ?... கேட்டுச்சா?... ஹலோ? பிரியா?"

லைன் அறுந்திருந்தது. தெருவில் வண்டி உறுமிக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பியது.