வன்னியா, சீமைக்கருவேலமா

சங்கரன்கோவிலிலிருந்து சிவகிரி போகும் பஸ்ஸில், குளத்துச் சீமைக்கருவேல மரங்களை வெட்டிவிட்டுத் திரும்பும் இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள்.

“ஏட்டி, நான் கடைசியா வெட்டுனது வன்னி மரமோன்னு தோணுது,” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

“ரெண்டுக்கும் இலை ஒண்ணுபோலத்தான் இருக்கும். முள்ளு எப்படி இருந்துச்சு?”

“கம்பு பூரா அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணா இருந்துச்சு.”

“சீமைக்கருவேலத்துக்குக் கணுவுல ஜோடியா இருக்கும். அப்ப நீ வெட்டுனது வன்னிதான்.”



“தூரு மண்ணுலதான இருக்கு? துளிர்த்துரும்.”

“நாளைக்குக் காலையில ஜேசிபி வந்து தூரையும் தோண்டிருமே.”

அடுத்த நிறுத்தத்தில் ஜன்னலோரம் இருந்தவள் இறங்க எழுந்தாள்.

“எங்கட்டி போற?”

“தூருல மஞ்சத்துணி கட்டிட்டு வாரேன். சாமி மரம்னு நினைச்சு டிரைவர் தொடமாட்டாரு.”