பவளம் வளராத வீடு

கடல் தண்ணீரை ரயிலில் கொண்டுவருவது பெரிய கஷ்டமில்லை, ஐயா. கேன் மூடிக்குள் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வைத்து இறுக்கினால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது. காலிக் கேன்களோடு மணவூரில் இறங்கும் பால்காரர்கள் முதல் தடவை பார்த்துவிட்டு, "இன்னாங்க, எல்லாரும் பாலைப் பட்டணத்துக்கு எடுத்துக்கினு போவாங்க, நீங்க அங்கேர்ந்து எடுத்தாறீங்க?" என்று கேட்டார்கள். கடல் தண்ணீர் என்றேன். சிரித்தார்கள். பிறகு அவர்களே கேனுக்கு இடம் ஒதுக்கித் தர ஆரம்பித்தார்கள்.

நான் திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் செய்கிறவன். முன்னால் கடை, பின்னால் வீடு. பெயர் ஜெகநாதன். அம்சா என் மனைவி. அவள் பொதட்டூர்பேட்டையில் நெசவுக் குடும்பத்துப் பெண். நல்ல பெண். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மாவின் அஸ்தியைக் கரைக்க ராமேஸ்வரம் போனபோதுதான் அதைப் பார்த்தேன். படகுக்காரர் ஒருவர் ஆழமில்லாத இடத்தில் படகை நிறுத்தி, குனிந்து பார்க்கச் சொன்னார். கழுத்தில் போடும் சிவப்புப் பவளம் இல்லை இது. பூசணிக்காய் அளவுக் கல், மேலெல்லாம் மூளை மாதிரி மடிப்பு, பச்சையும் பழுப்புமாக. "இது கல்லு இல்லீங்க, உசுரு. வளரும்" என்றார். எங்கள் ஊரைச் சுற்றிலும் கல்தான். ஒன்றும் வளர்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு துண்டை உடைத்து வாங்கி, டிரம்மில் கடல் தண்ணீரோடு போட்டுக் கொண்டுவந்தேன்.

ஆங்கிள் இரும்பும் கண்ணாடியும் வைத்துத் தொட்டியை நானே கட்டினேன். பின்கட்டு அறையில் வைத்தேன். காற்றுக் குமிழி விடும் சின்ன மோட்டார், மேலே டியூப்லைட். அம்சாவுக்கும் பிடித்திருந்தது. கூடவே வாங்கிவந்த இரண்டு மஞ்சள் மீன்களுக்கு அவளே பெயர் வைத்தாள். கேட்டால் சொல்ல மாட்டாள்.

ஆனால் பவளம் வளரவில்லை. நூலைச் சுற்றி அளந்து பார்ப்பேன். போன மாதம் இருந்த அளவேதான் இந்த மாதமும்.

ரேடியோவில் பழுது எங்கே என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போக வேண்டும் ஐயா. இதிலும் அப்படித்தான் செய்தேன். மெரினாவில் முகந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது. கோவளம் போனேன். வெளிச்சம் போதாது என்று கூரையில் கண்ணாடி ஓடு பதித்தேன். பவளம் தன் உடம்பைச் சுண்ணாம்பால்தான் கட்டிக்கொள்கிறது என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, தெளிந்த நீரை மட்டும் சொட்டுச் சொட்டாக விட ஏற்பாடு செய்தேன். நீற்றும் வேலையை அம்சா பார்த்துக்கொண்டாள். வெளியில் வைத்தால் தெருத்தூசி விழும் என்பதால் அறைக்குள்ளேயே.

பிறகு வீட்டுக்குள் இருக்கிற காரணங்களைப் பார்த்தேன். தாளிக்கிற எண்ணெய்ப் புகை தண்ணீர்மேல் படலமாகப் படியும். தாளிப்பதை நிறுத்தச் சொன்னேன். தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர், ஊதுவத்தி, எல்லாம் நின்றன. கையில் ஒரு செம்புக் காப்பு போட்டிருந்தாள், மலைக்கு நேர்ந்துகொண்டது. செம்பு பட்ட தண்ணீர் இந்த உயிர்களுக்கு விஷம். அது கழலவில்லை. கட்டிங் பிளையரால் நானே நறுக்கி எடுத்தேன். கொஞ்சம் அழுதாள். அழுதுகொண்டே தொட்டியில் கைவிட வேண்டாம் என்றேன்.

ஜன்னல்தான் கடைசி. தெருவில் பஸ் புகை, பக்தர்கள் கொளுத்துகிற கற்பூரம். ஜன்னலை ஆணி அடித்து, இடுக்குகளில் பஞ்சு திணித்து, மேலே காகிதம் ஒட்டினேன். உள்ளே வெக்கை ஏறிவிட்டது. டேபிள் ஃபேன் வாங்கித் தொட்டியைப் பார்த்து வைத்தேன்.

அம்சாவுக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு உண்டு. கல்யாணத்தின்போதே சொன்னார்கள், மறைக்கவில்லை. டாக்டர் காற்றோட்டமாக இருக்கச் சொன்னார். சரி என்றுதான் நானும் சொன்னேன்.

இந்த வருஷம் கரண்ட் அடிக்கடி போனது உங்களுக்குத் தெரியும். மோட்டார் நின்றால் தண்ணீர் தேங்கிவிடும், உள்ளே இருப்பவற்றுக்கு மூச்சுமுட்டும். அப்போதெல்லாம் மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடையை விட்டு நான் வர முடியாது. அம்சா ஊற்றுவாள். உப்பில் அவள் விரல்கள் வெடித்துப் போயின. தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டாள். அது கூடாது என்று அவளுக்கே தெரியும்.

ஒருநாள் கரண்ட் இல்லாத நேரத்தில் மக்கை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுவிட்டாள். மீன் ஒன்று செத்துவிட்டது. "கொஞ்ச நேரம்தாங்க நின்னேன், மூச்சு வரல" என்றாள். நான் கையை ஓங்கவில்லை. ஓங்கியதே இல்லை. மறுநாள் அந்த அறைக்கு வெளிப்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். கரண்ட் இல்லாதபோது மட்டும் போடுவேன்.

ஆடி பிறந்ததும் அவளுடைய அண்ணன் வேணு அழைத்துப் போக வந்தான்.

"பாவா, எளச்சிப் போயிட்டுகீது. பத்து நாள் எங்க வூட்ல இருக்கட்டும்."

"கிருத்திகை முடியட்டும் வேணு. நானே கொண்டாந்து வுடறேன்."

அவன் அவளைப் பார்த்தான். "நீ சொல்லு அம்சா. வர்றியா?"

அவள் என்னைப் பார்த்தாள். "நைனாகிட்ட நான் நல்லாத்தான் கீறேன்னு சொல்லுண்ணா" என்றாள். நான் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அவள் வாயால் சொன்னதுதான். அன்றைக்கு வேணு காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

ஆடிக் கிருத்திகை அன்று காலையிலேயே கரண்ட் போய்விட்டது. தெரு முழுக்கக் காவடி. பம்பை, உடுக்கை, அரோகரா, வீட்டுக்கு வீடு கற்பூரம். நான் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தேன். உள்ளே மக்குத் தண்ணீர் விழும் சத்தம் ஒழுங்காகக் கேட்டது. பிறகு நின்றது. கதவைத் தட்டினாள்.

"ஏங்க, இழுக்குது. கொஞ்சம் தொறங்க."

"கரண்ட் வந்துடும். ஊத்திக்கினு இரு."

திரும்ப ஊற்றினாள். நானே ஆச்சரியப்பட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டினாள்.

"நான் எங்கியும் போவ மாட்டேங்க. வாசப்படில ஒக்காந்துட்டு வந்துடறேன். சத்தியமா."

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் கடை வாசலுக்கு வந்து, "இன்னாப்பா ஜெகநாதா, உள்ள யாரோ கூப்புட்ற மாதிரி கேக்குது?" என்றாள். ரேடியோ என்றேன். "கரண்ட்டு இல்லியே" என்றாள். பேட்டரி செட் என்றேன். அவள் நம்பவில்லை என்று இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நான் சொன்னது பொய்தான். ஒப்புக்கொள்கிறேன்.

காவடி பார்க்க ஆசைப்பட்டு அவள் நடிக்கிறாள் என்று நினைத்ததாக வேணுவிடம் சொன்னேன். அதுவும் சரியில்லை. அவளுடைய இழுப்பு எனக்குத் தெரியும் ஐயா. நிஜமாக வரும்போது மூச்சின் கடைசியில் ஒரு சின்ன விசில் இருக்கும். நாள் முழுக்க ரேடியோவில் இரைச்சலுக்கு நடுவே ஸ்டேஷன் தேடுகிறவன் நான். அத்தனை பம்பைச் சத்தத்திலும் அந்த விசில் எனக்குத் தனியாகக் கேட்டது. எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கைவைத்தேன். வீட்டுக்குள்ளேயே கற்பூரப் புகை வந்து நின்றிருந்தது. கதவைத் திறந்தால் அவ்வளவும் அறைக்குள் போகும். அவளும் வெளியே வந்துவிடுவாள், ஊற்ற ஆள் இருக்காது. கையை எடுத்துவிட்டேன். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கீழே இடுக்கில் அவள் விரல்கள் தெரிந்தன. அந்த இடுக்கில் திணித்திருந்த பஞ்சை எடுத்திருந்தாள். நான் அவள் விரல்களை நகர்த்திவிட்டு, பஞ்சைத் திரும்ப வைத்தேன். விரல்கள் சூடாகத்தான் இருந்தன.

அதற்குப் பிறகு தட்டவில்லை. கரண்ட் வந்தது, மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. நிம்மதியாக இருந்தது. தண்ணீர் தெளியட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டுத்தான் திறந்தேன். கதவோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் முதலில் தொட்டியைத்தான் பார்த்தேன். மற்ற மீன் உயிரோடிருந்தது.

சேதி கேட்டு வேணுவும் ஆட்களும் வந்து ஆத்திரத்தில் ஜன்னலை உடைத்ததும், நீங்கள் வந்ததும் உங்களுக்கே தெரியும். அடித்தான். நான் தடுக்கவில்லை. பூட்டியது நான். கேட்டது நான். திறக்காதது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. பட்டணத்திலிருந்து மீன் ஆராய்ச்சி படித்த ஒருவரை வரவழைத்தீர்கள். அவர் பவளத்தை வெளியே எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இது ராமேஸ்வரத்திலிருந்து வருகிற வழியிலேயே செத்துவிட்டது, மேலே இருப்பது வெறும் பாசி என்று உங்களிடம் சொன்னார். அதை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இத்தனை நாள் அதன் பக்கத்திலேயே இருந்தவன் நான். ஓர் உயிர் தவித்துக்கொண்டிருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா, ஐயா?