சாலிஹ் ஏறும் வளைவு

சாயங்காலம் ஐந்தரை மணி. ரத்தோட்டைக்கு மேலே, தேயிலைக்கு நடுவே, ஒரு ஜீப் மட்டும் போகக்கூடிய பாதை. முன்னால் பனிமூட்டம்... பின்னாலும் பனிமூட்டம்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் பலீலின் மச்சான் நுஹ்மானுக்கு நடந்தது. அறுபத்தெட்டாம் வருஷம்.

நுஹ்மானுக்கு அப்போது கொழும்பில் ஒரு பெரிய ஆலோசனைக் கம்பெனியில் வேலை. லண்டன்காரர்களுடையது. எந்தத் தோட்டம் நஷ்டத்தில் ஓடினாலும் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். இவர்கள் போய்த் தங்கி, எல்லாரையும் விசாரித்து, எந்த டிவிஷனை மூடலாம், யார் யாரை நிறுத்தலாம் என்று எழுதிக் கொடுப்பார்கள். மூடும்போது அங்கே இருக்கமாட்டார்கள். அதற்குள் அடுத்த ஊர்.

வெளியே பார்த்தால் பெரிய உத்தியோகம். டை, ஜீப், பங்களாச் சாப்பாடு. உள்ளே... எழுதியதை மேலே இருப்பவர் கிழித்துப் போடுவார். விடியுமுன் மறுபடி எழுதவேண்டும். லீவு கேட்டால் நாற்காலி இன்னொருவனுக்கு. மாத்தளையில் மனைவி ஹமீமாவுக்குப் பிள்ளை பிறந்தபோது நுஹ்மான் பத்துக் கட்டை, அதாவது பத்து மைல், தூரத்தில்தான் இருந்தான். போக விடவில்லை. பிள்ளை குப்புற விழத் தொடங்கிய பிறகுதான் முகம் பார்த்தான்.

அவனுக்கு மேலதிகாரி சாலிஹ். ஒருநாள் இந்தத் தேயிலைப் பாதையின் பாதி வழியில், ஒரு வளைவில், நெஞ்சு வலிக்கிறது என்று ஜீப்பை நிறுத்தச் சொன்னார். மதகுக் கட்டின்மேல் உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை. அடுத்த வாரமே அவர் இடம் நுஹ்மானுக்கு. கொழும்பிலிருந்து வாழ்த்துத் தந்தி வந்தது.

அந்தச் சாயங்காலம், ஃபாக்டரியிலிருந்து பங்களாவுக்குத் திரும்பும் நேரம். முன்னால் ஏறப்போன நுஹ்மானை, பின்னால் ஏறச் சொன்னான் டிரைவர் முத்துவீரன்.

வளைவில் ஜீப் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. முத்துவீரன் எட்டி, இடப்பக்கக் கதவைத் திறந்தான். காத்திருந்தான். வெளியே யாருமில்லை. ஈரக் கம்பளி வாடை... கூடவே தைல வாடை. முன் சீட்டு ஸ்பிரிங் கிரீச்சென்று அமுங்கியது. முத்துவீரன், ஆள்மேல் கை பட்டுவிடாமல் பார்த்து, கதவைச் சாத்தினான்.

என்ன இது என்று கேட்டான் நுஹ்மான்.

"சாலிஹ் சேர் ஏறணும்ல," என்றான் முத்துவீரன், பாதையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "மொத நாளு நிக்காம வந்துட்டேன். பங்களா வரைக்கும் பின்னாலயே ஓடி வந்தாரு."

நுஹ்மான் ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினான். பாதியில் மறந்துபோயிற்று. அப்போது முன் சீட்டிலிருந்து மூச்சு வாங்கும் ஒரு குரல்...

"ரிப்போர்ட் முடிஞ்சிதா, நுஹ்மான்?"

"இன்னும் இல்ல சேர். காலைக்குள்ள முடிச்சிர்றேன்."

சொன்னது நுஹ்மான்தான். பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தக் குரலைவிடத் தன் பதில்தான் பயங்காட்டியது என்று பிறகு பலீலிடம் சொல்லியிருக்கிறான்.

மறுநாளே கொழும்புக்குப் போய் வேலையை விட்டான். கம்பெனிப் பெரியவர் ஏன் என்று கேட்கவில்லை. இங்கிருந்து எவனும் முழுசாகப் போனதில்லை என்று மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

மாத்தளையில் மாமனாரின் கடையில் உட்கார்ந்தான். ஆனால் உடம்பு தேறவில்லை. எவ்வளவு தூங்கினாலும், எழும்பும்போது இரவெல்லாம் கண்விழித்தவனின் அலுப்பு. ஹமீமா ஓதிக் கொடுத்த தண்ணீருக்கும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். முத்துமாரியம்மன் கோயிலடியில் அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அழகமுத்து எதிரே வந்தார். டிவிஷனை மூடிவிட்டார்களாம். சனம் மூட்டை முடிச்சோடு போய்விட்டதாம். சொல்லிவிட்டு நுஹ்மானின் முகத்தையே பார்த்தார்.

முந்தின நாள் முழுவதும் நுஹ்மான் கடையைவிட்டு இறங்கவேயில்லை. ஹமீமாவுக்கும் அது தெரியும். இப்போதும் அவன் பக்கத்தில்தான் நின்றாள், பிள்ளையோடு.

"நேத்து பங்களாவுல ஏன் சேர் அப்படி இருந்தீங்க?" என்றார் அழகமுத்து. "தொரை கேட்டதுக்கும் பதில் இல்ல. டீ ஆறிப்போச்சு. கண்ணக்கூட சிமிட்டாம அடுத்த டிவிஷன் ரிப்போர்ட்ட எழுதிக்கிட்டே இருந்தீங்க."