புதுப் பசங்களுக்கு ஒரு ப்ராஜெக்ட்

அதில்ல தம்பி, இந்த பெங்காலி ஊர் பஸ்ல நீங்க ஃபோன்ல தமிழ் பேசுனீங்களா, அதான் இந்த சீட்ல வந்து உக்காந்தேன். நியூ டவுன்ல ஐடி வேலைன்னு வேற சொல்றீங்க. எனக்கு ஒரு ப்ராஜெக்ட் பாத்துச் சொல்லணும். ஓப்பன் சோர்ஸ், யார் வேணா திருத்தி அனுப்பலாம்ல, அந்த மாதிரி. நான் இங்க ஒரு காலேஜ்ல ஃபங்ஷனல் ப்ரோக்ராமிங் எடுக்கறேன், ஹாஸ்கல்னு ஒரு லாங்குவேஜ்ல.

சிரிக்காதீங்க. பசங்களும் இப்படித்தான், எந்தக் கம்பெனில சார் இதக் கேக்கறான்னு சிரிக்கும். நெசமா நாலு பேர் உபயோகிக்கறதுல ஒரு சின்னத் தப்பத் திருத்தினாத்தான் அதுங்களுக்கு ஒரு பிடிப்பு வரும்.

ஆமா, தேடியாச்சு. புதுசா வர்றவங்களுக்குன்னு லேபிள் போட்டிருப்பான், உள்ள போனா எனக்கே தலை சுத்தும். லேசானத எவனோ முன்னாடியே எடுத்திருப்பான். இல்லன்னா, திருத்தி அனுப்பினா ஏன்னு கேக்க ஆள் இருக்காது.

இருந்துச்சு, ஒண்ணே ஒண்ணு. நாலு பேர் சமையல நாப்பது பேருக்கு அளவு மாத்திக் குடுக்கற ப்ரோக்ராம். தீப்தின்னு ஒரு பொண்ணு, வெளிநாட்டுலேர்ந்து நடத்துது. எங்க தப்பு, ஏன் தப்புன்னு பசங்க ஒவ்வொருத்தருக்கும் பொறுமையா எழுதும். வருஷா வருஷம் அங்கதான் அனுப்புவேன். பதில் எல்லாத்தையும் நானும் படிப்பேன்.

பூஜா லீவுக்கு முன்னாடி அந்த ப்ராஜெக்டயே மூடிடுச்சு.

என் பழக்கம் ஒண்ணு தம்பி. லிஸ்ட்ட முதல் ஒண்ணு, மத்ததுன்னு பிரிப்போம்ல, அதுக்கு ஊரே எக்ஸ், எக்ஸ்எஸ்னு பேர் வைக்கும். நான் போர்டுல முதல், மிச்சம்னு இங்கிலீஷ் எழுத்துல போடுவேன். பெங்காலிப் பசங்க அப்படியே எழுதி அனுப்பும். மூடறதுக்கு முன்னாடி கடைசியா நந்திதான்னு ஒரு பொண்ணு அனுப்புச்சு. பதில் வந்துச்சு, திருத்தம் சரி, இனிமே வேற எங்கயாவது அனுப்பச் சொல்லி உங்க சார்கிட்ட சொல்லிடுன்னு. அவங்களுக்கு உங்கள எப்படி சார் தெரியும்னு நந்திதா கேட்டா. ஏதோ கான்ஃபரன்ஸ்னு சமாளிச்சேன்.

மிச்சம்னு பாத்தா தீப்திக்குத் தெரியாதா? எங்க டாக்குரியா வீட்டு டைனிங் டேபிள்ல, ஸ்கூல் படிக்கறப்ப அவளுக்கு நான்தான அப்படிச் சொல்லிக் குடுத்தேன். வீட்ட விட்டுப் போனப்புறம் பெத்தவங்க எங்களோட பேச்சே இல்ல. இன்னிக்கு தீப்தி பசங்களுக்கு என்ன எழுதினான்னு எங்க வீட்ல வசுமதி தினம் கேப்பா. மூடினத இன்னும் சொல்லல. பழசையே திருப்பித் திருப்பிப் படிச்சுக் காமிக்கறேன்.

உங்க ஸ்டாப்பா? சரி சரி, இறங்குங்க. தேடறப்ப, எங்கயாவது தீப்தின்னு ஒருத்தி பதில் எழுதறாளான்னு மட்டும் பாருங்க. இந்தத் தடவ பசங்கள எக்ஸ்எஸ்னே எழுதச் சொல்லிடறேன்.