பக்கத்து சீட்டில் ஆயில் டேங்க்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் ரேஸ் கார் வைத்திருப்பவர். மற்றவர் சிமெண்ட் லாரி மெக்கானிக்.

"என் காருக்கு டிரை சம்ப் போடணும் மச்சான். ஆயில் தனி டேங்குல இருக்கும். வளைவுல எவ்ளோ வேகமா திருப்புனாலும் என்ஜினுக்கு ஆயில் கெடைக்காம போகாது."

"வருசத்துக்கு ரெண்டு தடவ ஓட்ட அவ்ளோ தேவையா? டேங்க எங்க வைப்ப?"

"பக்கத்து சீட்ட கழட்டிட்டு."

"தங்கச்சி எங்க உக்காரும்?"

"பொண்டாட்டி கோச்சுக்கிட்டு அம்மா வூட்டுக்குப் போயி ரெண்டு வருசமாச்சு. சீட்டு சும்மாதானே கெடக்கு."

அரியலூரில் இறங்க எழுந்தபோது மெக்கானிக் சொன்னார்.

"என்ஜினுக்கு அடியில இருக்குற ஆயில் சட்டியையே கொஞ்சம் பெருசா அடிச்சுத் தரேன் மாப்ள. சீட்டு இருக்கட்டும்."